தாங்கிப் பிடிக்கிறவள்

அட்லாண்டாவுக்குத் தெற்கே, மேக்கன் நகரத்துக் கறுப்பர்களின் பெத்பாரா பாப்டிஸ்ட் சபையில், யாராவது ஒருவர் விழாமல் ஞாயிறு ஆராதனை முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. பாட்டு ஏறும், ஆர்கன் ஏறும், பாஸ்டர் மாடக்ஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுவார். அவ்வளவுதான், நடு வரிசையில் ஒருத்தி "இயேசுவே!" என்று கையை வீசிக்கொண்டு எழுந்துவிடுவாள். தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், கைப்பை மூன்று வரிசை தள்ளி. அவள் தரையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தக் கைகள் லவோன் டிஸ்டேலுடையவை.

சபை நர்ஸ் என்று பேர். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. வெள்ளைக் கவுன், வெள்ளைக் காலுறை, வெள்ளை ஷூ, கொண்டையின் மேல் குத்திய சின்ன வெள்ளைத் தொப்பி. கையில் அட்டை விசிறி. அதில் ஒரு பக்கம் நல்ல மேய்ப்பர், மறு பக்கம் சவப்பெட்டிக்காரரின் விளம்பரம். தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி ஒன்று. ஆவி இறங்கி விழுந்தவளுக்குப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறினால், சபை மூப்பர்களான டீக்கன்மார் கண் அங்கே போவதற்கு முன்னால் துணி போய்விட வேண்டும். பிறகு விசிற வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், எழுந்து உட்கார்ந்ததும் வாயில் ஒரு புதினா மிட்டாய் போட வேண்டும். இருபத்துமூன்று வருஷமாக லவோன் இந்த வேலையைச் செய்து வந்தாள். அவள் கையில் விழுந்த ஒருத்திக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.

அந்த இருபத்துமூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் விழுந்ததில்லை.

"லவோனா? அவ எங்கருந்து விழப் போறா! அவ விழுந்தா கூரையும் சேர்ந்துல்ல விழும்!" என்று சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பிரியமாகத்தான் சொல்வார்கள். வம்பே அதுதான். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். பிரியமாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

விழாதவள் என்ற இந்தப் பட்டம் அவளுக்குப் பதினாலு வயதில் கிடைத்தது. அம்மா ஓலா மே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்திலேயே சரிந்து உட்கார்ந்து அப்படியே போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு எந்த மாநிலத்தில் இருந்தாரோ, வந்து சேர மூன்று நாளாயிற்று. அடக்க ஆராதனையில் முதல் வரிசையில் லவோன் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஒன்பது வயது செட்ரிக் அவள் கையைக் கடித்துவிடுவான் போல அழுதான். இன்னொரு பக்கம் ஆறு வயது யோலாண்டாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒருத்தனைப் பிடிப்பதும் ஒருத்திக்குத் துடைப்பதுமாக அவளுக்கு நேரம் போய்விட்டது. அழுவதற்கு முறை வரும் வரும் என்று காத்திருந்தாள். பெட்டியை மூடிவிட்டார்கள்.

வாசலில் சபையின் மூத்த அம்மாக்கள் எல்லோரும் தொப்பியும் கையுறையுமாக அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "பாரு புள்ளைய! ஒரு சொட்டுக் கண்ணீர் விடல! கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, "அப்படித்தான் இருக்கணும்டி கண்ணு. கறுப்புப் பொண்ணாப் பொறந்தவ உடைஞ்சு போயிட்டா பொறுக்கி எடுத்து ஒட்ட வைக்க யாரும் வர மாட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு யாரோ அம்மாவின் வீட்டுச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்கள்.

இனிமேல் எப்படி அழுவது, சொல்லுங்கள்! அத்தனை பேரும் மெச்சிய பிறகு?

செட்ரிக் படித்தான், யோலாண்டா படித்தாள். லவோன் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். ஹெரால்ட் டிஸ்டேலைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷம் கழித்து அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "உனக்கு யாரும் வேணாம் லவோன். எனக்கு என்னை வேணும்னு நெனைக்கிற ஒருத்தி வேணும்" என்றான். அன்றைக்கும் அவள் கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் சபைச் சாப்பாட்டுக்காக மக்ரோனி வேகவைத்தாள். யாராவது செத்தால் பவுண்டு கேக் சுட்டுக்கொண்டு போவாள். யாருக்காவது குழந்தை பிறந்தால் போய்த் துணி துவைத்துப் போடுவாள். பிள்ளை ஜெயிலுக்குப் போனால், புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் போன் அவளுக்குத்தான். "லவோனக் கூப்பிடு" என்பது எங்கள் தெருக்களில் "தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு" என்பதற்குச் சமம்.

இப்படியே ஐம்பத்திரண்டு வயது ஆயிற்று. அந்த வருஷம் ஜனவரியில் தூக்கம் நின்றுபோனது.

காரணம் என்று ஒன்றைக் காட்ட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சாகவில்லை, வீடு இடியவில்லை. ஒருநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸை டிப்போவில் நிறுத்திவிட்டு, யாராவது சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்கக் கடைசி சீட்டு வரை நடந்தாள். அங்கே உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மார்ச் மாதத்துக்குள் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. பஸ்ஸை நிறுத்து, கடைசி சீட்டுக்குப் போ, அழு, முகத்தைத் துடை, வெளியே வா, "என்ன லவோன், எப்படி இருக்க?" "ஆண்டவர் கிருபை, நல்லா இருக்கேன்!"

ஏப்ரலில் ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் மேல் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு எண்ணம் வந்தது. நாளைக்கு எனக்கு விடியாமலே போனால்தான் என்ன? யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டதுபோல் அவ்வளவு சாதாரணமாக வந்தது. பாலம் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, இதை ஒருத்தரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரே ஒருத்தர் போதும். சொல்லாவிட்டால் அந்த எண்ணம் திரும்ப வரும், அப்போது அதற்குப் பதில் சொல்லத் தன்னிடம் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் தங்கையைக் கூப்பிட்டாள். யோலாண்டா அட்லாண்டாவில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறாள்.

"யோலாண்டா, எனக்கு மனசு சரியில்லடி."

"உனக்கா?" யோலாண்டா சிரித்தேவிட்டாள். "போக்கா அங்கிட்டு! நீயே இப்படிச் சொன்னா நாங்கல்லாம் எங்க போறது? சரி கேளு, இந்த மைக்கேல் என்ன பண்ணான் தெரியுமா நேத்து..."

மைக்கேல் யோலாண்டாவின் புருஷன். அவன் என்ன பண்ணினான் என்பதை லவோன் ஐம்பது நிமிஷம் கேட்டாள். கடைசியில் "அழாதடி, எல்லாம் சரியாப் போயிரும்" என்று ஆறுதலும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான், கூப்பிட்டது நான் அல்லவா என்று ஞாபகம் வந்தது.

அடுத்து பாஸ்டர் மாடக்ஸ். நல்ல மனுஷர், ஆனால் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். ஆபீஸ் கதவைத் தட்டியதுமே எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். "சிஸ்டர் டிஸ்டேல்! உங்களுக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் உங்களக் கூப்பிடச் சொல்லிட்டிருந்தேன். இந்த வருஷம் பெண்கள் தினத்துக்கு யாரைத் தலைமை போடறதுன்னு ஒரே குழப்பம். கர்த்தரே உங்கள அனுப்பிட்டாரு பாருங்க!" ஆலோசனை கேட்கப் போனவள் கையில் ஒரு ஃபைலோடு வெளியே வந்தாள்.

மூன்றாவது, கிளினிக். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் வராமல் இருந்ததா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம். லவோன் பேனாவைத் திறந்தாள். தாளை வாங்கி வைக்கும் பெண் கவுன்டரில் இருந்து கையை ஆட்டினாள். "லவோன் ஆன்ட்டி! எங்க அம்மா உங்களக் கேட்டாங்க!" அவள் பெத்பாரா பாட்டுக்குழுவில் இரண்டாவது வரிசைக்காரி. லவோன் சிரித்துக் கையாட்டிவிட்டு, "ஒருநாளும் இல்லை" என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒன்பது டிக் போட்டாள்.

இந்த நிலையில்தான் அன்னையர் தினம் வந்தது.

அன்றைக்குச் சபைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நெஞ்சில் பூ உண்டு. அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. வாசலில் இரண்டு தட்டோடு நின்று குத்திவிடுவது நர்ஸ்மார் வேலை. லவோனிடம் வெள்ளைப் பூத் தட்டு, பெர்னடினிடம் சிவப்புப் பூத் தட்டு. பெர்னடினுக்கு அறுபத்தேழு வயது, நர்ஸ் குழுவில் லவோனுக்கும் மூத்தவள், எலுமிச்சைச் சாறு குடித்த முகம், வேண்டாத ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

பத்தரை மணிக்கு அமாரி வந்தாள். பதினாலு வயது. பிப்ரவரியில்தான் தாயைப் புதைத்தார்கள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு லவோனுக்கு முன்னால் வந்து நின்றாள். எந்தத் தட்டைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றுவிட்டு, வெள்ளைத் தட்டைப் பார்த்தாள். லவோன் பூவை எடுத்தாள். ஊசியைக் குத்தும்போது அந்தப் பெண்ணின் நெஞ்சு ஏறி இறங்கியது. அழுகை தொண்டை வரை வந்துவிட்டது என்று விரலிலேயே தெரிந்தது. லவோன் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"தைரியமா இருக்கணும்டி கண்ணு. தம்பிக்கு இனிமே நீதான்."

அமாரி அழுகையை விழுங்கிக்கொண்டாள். "சரி ஆன்ட்டி" என்று உள்ளே போனாள்.

என்ன சொன்னோம் என்பது லவோனுக்கு அடுத்த நாலு பேருக்குப் பூ குத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. தாடையைப் பிடித்த அதே பிடி, அதே வார்த்தை. அட பாவி, நானா? என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆராதனை நடந்தது. பாட்டுக்குழு தாய்மாரைப் பற்றிப் பாடியது. லவோன் பக்கவாட்டுச் சுவரோரம் துணியும் விசிறியுமாக நின்றாள். நாலாவது வரிசையில் அமாரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி அழுதான். அவள் காகிதக் கைக்குட்டையை எடுத்து அவன் மூக்கைத் துடைத்தாள். மடித்து, மறுபக்கத்தால் இன்னொரு தரம் துடைத்தாள்.

லவோனுக்கு உள்ளே இருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கையுறையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அப்படியே விழுந்தாள். கை ஊன்றாததால் முழங்கை பெஞ்சு விளிம்பில் மோதித் தோல் கிழிந்தது. பின்னால் பிடிக்க யாரும் இல்லை. பிடிக்கிறவள் அவள்தானே!

அடுத்த நொடி கூரை அதிர்ந்தது.

"அல்லேலூயா! லவோன்! ஆவியானவர் லவோனப் பிடிச்சுட்டாரு!"

"இருவத்திமூணு வருஷம்! இருவத்திமூணு வருஷம் காத்திருந்தாரு கர்த்தர்!"

ஆர்கன்காரர் ருஃபஸ் இரண்டு காலாலும் மிதித்தார். பெண்கள் இடைவழியில் இறங்கி ஆடினார்கள். டீக்கன் ஒருவர் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். பாஸ்டர் மாடக்ஸ் பிரசங்கத்தையே விட்டுவிட்டார். பெர்னடின் வந்து துணியை அவள் காலின் மேல் விரித்தாள், குனிந்து ஒரு கணம் முகத்தைப் பார்த்தாள், விசிற ஆரம்பித்தாள். சுற்றி முந்நூறு பேர் கைதட்டி ஆனந்தப்பட்டுக்கொண்டிருக்க, நடுவே தரையில் கிடந்து லவோன் அழுதாள். அம்மா செத்தபோதுகூட அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்காவது அது துக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் போன் ஓயவில்லை. அவள் ஒருத்திக்கு ஏழு பேர் கேக் கொண்டுவந்தார்கள். "கடைசில உனக்கும் கெடச்சிருச்சு பாத்தியா!" என்று கட்டிப்பிடித்தார்கள். யோலாண்டாவுக்கும் செய்தி போயிருந்தது. "அக்கா! கேள்விப்பட்டேன்! இப்ப மனசு லேசா இருக்கா?" என்று கேட்டாள். "இருக்குடி" என்றாள் லவோன். பாஸ்டர் மாடக்ஸ் வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். "ரெண்டு நிமிஷம் போதும் சிஸ்டர். ஆண்டவர் உங்களுக்குச் செஞ்சதை அப்படியே சொல்லுங்க. ஜனங்களுக்கு அது ரொம்பத் தேவை."

சாட்சி சொல்வதற்கு எங்கள் பக்கம் ஒரு வரிசை உண்டு, யாரும் எழுதி வைக்காத வரிசை. முதலில் பட்ட பாடு: வேலை போனது, வியாதி வந்தது, பிள்ளை வழி தப்பினான். சபை "ஆமென், சொல்லு!" என்று தூக்கிக்கொடுக்கும். ஆர்கன் அடியில் முனகும். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு "ஆனாலும் கர்த்தர்!" என்று ஒரு அறை. அதோடு ஆர்கன் வெடிக்கும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள், மிச்சத்தை யாரும் கேட்பதுகூட இல்லை. அந்த "ஆனாலும்"தான் சாட்சி. முன்னால் வருவதெல்லாம் அதற்குப் படிக்கட்டு.

லவோனுக்கு இது தலைகீழ்ப் பாடம். வெள்ளிக்கிழமை பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். களைத்துப்போயிருந்தேன், ஆனாலும் கர்த்தர் என்னைத் தொட்டார். ஐந்து வார்த்தை. சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வாய்க்குள்ளேயே அது கசந்தது. "நல்லா இருக்கேன்" என்று முப்பத்தெட்டு வருஷமாகத் தன்னைப் பற்றிச் சொன்ன பொய்யை அவள் பொய் என்றே நினைத்ததில்லை. இது கர்த்தரைப் பற்றிய பொய். அவர் தொடவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்காதா? அவர் தொட்ட எத்தனை பேரைக் கையில் வாங்கியிருக்கிறாள்! அதோடு, நாலாவது வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையிலேயே போய் மைக்கைப் பிடித்தாள். முழங்கையில் கட்டு. சபை எழுந்து நின்று கைதட்டியது. ருஃபஸ் அடியில் மெல்ல வாசிக்க ஆரம்பித்தார்.

"நான் ஒழுங்காத் தூங்கி நாலு மாசமாச்சு" என்றாள் லவோன்.

"ஆமென்! சொல்லு சிஸ்டர்!"

"தெனமும் பஸ்ஸ நிறுத்திட்டு, கடைசி சீட்டுல உட்காந்து அழறேன்."

"நிதானமா சொல்லும்மா! அவசரமில்ல!"

"ஏப்ரல் மாசம் பாலத்து மேல வரும்போது, நாளைக்கு எனக்கு விடியலன்னா என்னன்னு தோணிச்சு."

"விடிய வச்சாரே! ஆமென்! எழுப்பி விட்டாரே!" ஆர்கன் ஒரு படி ஏறியது. முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

லவோன் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள். "போன வாரம் நான் விழுந்தது ஆவியில இல்ல."

"ஆமெ..." என்று எங்கோ ஒரு குரல் பாதியில் நின்றது.

"முடியல. அதான் விழுந்தேன்."

விசிறிகள் நின்றன. ருஃபஸ் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல். எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்கு என்று லவோனுக்குத் தெரியும். முன் வரிசையில் எண்பது வயது டீக்கன் ஒருவர், கிறிஸ்துமஸ் நாடகத்தில் வசனம் மறந்த குழந்தைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல், கழுத்தை நீட்டி மெல்லச் சொன்னார். "ஆனாலும்... ஆனாலும் கர்த்தர்..."

"தெரியும் டீக்கன்" என்றாள் லவோன். "எனக்கு அந்த 'ஆனாலும்' இன்னும் வரல. வந்தா வந்து சொல்றேன்."

பிறகு நாலாவது வரிசையைப் பார்த்தாள். "அமாரி, பூக் குத்தும்போது உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். அதத் திருப்பி வாங்கிக்கறேன்மா. எங்கிட்ட சொன்னதையே உங்கிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

அமாரி தலையைக் குனிந்துகொண்டாள். லவோன் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு இறங்கினாள். ருஃபஸ் விரலை எடுத்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அப்படியொரு அமைதி இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பெண்கள் பலர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமா, வேறு ஏதாவதா, யார் கண்டது! பாஸ்டர் மாடக்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம சகோதரிய ஜெபத்துல தாங்குவோம்" என்றார். பாட்டுக்குழு எழுந்து வேகமான பாட்டு ஒன்றை எடுத்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போன வாரம் கட்டிப்பிடித்தவர்கள் தலையை அசைத்தார்கள். ஒருத்தி, "இரும்புச்சத்து கொறஞ்சாலும் இப்படித்தான் இருக்கும், செக் பண்ணிக்கோ" என்றாள். இன்னொருத்தி பிசாசின் தாக்குதல் என்றாள். சாப்பாட்டு வரிசையில் அவள் காதில் படும்படியே, "இதெல்லாம் மைக்குல சொல்ற விஷயமா? லவோனே இப்படின்னா..." என்று ஒரு குரல் இழுத்தது. பொரித்த கோழியும் கீரையும் வைத்த தட்டோடு அவள் உட்கார்ந்த மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆட்கள்தான் விலகிப் போயிருந்தார்கள். பாதி சாப்பாட்டில் எழுந்து நர்ஸ்மார் அறைக்குப் போனாள்.

அலமாரி, கண்ணாடி, இரண்டு நாற்காலி வைத்த சின்ன அறை அது. இனி இந்த உடையைப் போட விடுவார்களோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். கதவு திறந்தது. பெர்னடின் வந்தாள்.

"கேக் வேணுமாக்கா? வீட்ல ஏழு கெடக்கு" என்றாள் லவோன் திரும்பாமல்.

பெர்னடின் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே. ஆவியில விழறவ வாயப் பொத்த மாட்டா. நாப்பது வருஷமாப் பாக்கறேன், ஒருத்தி பொத்தினதில்ல. நீ ரெண்டு கையாலயும் பொத்திட்டிருந்த."

லவோன் மடிப்பதை நிறுத்தினாள். "தெரிஞ்சா ஏன்க்கா சொல்லல?"

"எல்லாரும் சந்தோசமா ஆடிட்டிருந்தாங்க." பெர்னடின் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "துணியப் போட்டு மூடறதுதானே நம்ம வேலை. மூடிட்டேன். ஒரு வாரமா எனக்கும் தூக்கமில்ல. உங்கிட்ட வந்து கேக்கப் பயமா இருந்திச்சு. நீ ஆமான்னு சொல்லிட்டா நான் யாருகிட்டடி போவேன்னு நெனச்சேன். அவ்வளவு சுயநலம்."

எலுமிச்சை முகத்தில் கண்ணீர் இறங்கியது. லவோனின் கை தானாக மிட்டாய்க்குப் பாக்கெட்டுக்குள் போயிற்று. "பரவால்லக்கா, எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான்..."

"வாய மூடு" என்றாள் பெர்னடின். "மிட்டாய உள்ள வை. இன்னிக்கு நான்தான் நர்ஸு. வந்து உட்காரு."

லவோன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெர்னடின் அடுக்கிலிருந்து ஒரு துணியை உருவி, உதறி, அவள் முழங்காலின் மேல் விரித்தாள். மூடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, சும்மாதான் விரித்தாள்.

"இப்ப சொல்லு. எப்பலேருந்து இப்படி?"

இப்படி ஒருவர் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, லவோன் பார்த்ததே இல்லை. ஜனவரியிலிருந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பதினாலு வயசுலேருந்துக்கா" என்றாள்.

பெர்னடின் எழுந்து போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டாள், கைப்பையைக் கீழே வைத்தாள், வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தாள், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.